எழுத்துக்கு நாற்பது ரூபாய்

எங்கள் வீட்டில் ஒரு பொருளுக்காக மூன்று கடை ஏறி இறங்கியது கடைசியாக அக்காவின் கல்யாணப் பட்டுக்கு. அதற்கு அப்புறம் அப்பாவின் கல்லறைக்கல்லுக்குத்தான். பட்டுச்சேலைக்கு ஆலோசனை சொல்ல ஊரே வந்தது. கல்லறைக்கல்லுக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. "நல்லா செய்ங்க" என்பதோடு சரி. எங்கே செய்வது, என்ன கல், எவ்வளவு ஆகும், எழுத்து எத்தனை வருஷம் நிற்கும் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். கூகுளில் தேடினால் சமையல் மேடைக்குக் கிரானைட் போடும் கடைகள்தான் வரிசையாக வருகின்றன. அதனால் இதை எழுதுகிறேன். யாருக்காவது உதவும். எல்லோருக்கும் ஒருநாள் தேவைப்படும், ஆனால் அப்போது படிக்க முடியாது.

கடை பாளையங்கோட்டையில் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. ஊரில் பாதிப் பேருடைய தாத்தா பாட்டி பெயரை வெட்டியவருக்குச் சொந்தப் பெயரில் ஒரு போர்டு இல்லையே என்று கேட்டேன். "போர்டு வச்சா எவனாவது வசூலுக்கு வாரான்" என்றார் அண்ணாச்சி. வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை. எழுதாத கற்கள் ஐந்தாறு மரத்தில் சாய்த்து வைத்திருக்கும், அதுதான் அடையாளம். அண்ணாச்சிக்கு அறுபது, அறுபத்தொன்று இருக்கும். நெற்றியில் திருநீறு. அவருடைய அப்பாவும் தாத்தாவும் கல்வேலைதான். அம்மி கொத்தியதில் தொடங்கி, பிறகு ஆட்டுரல், கோயில் படிக்கட்டு, அப்புறம் கல்லறைக்கல். மேலப்பாளையத்து முஸ்லிம்களின் கல்லறைகளுக்கு மீசான் கல்லும் இங்கிருந்து போகிறது.

அப்பா இறந்தது 2024 ஆகஸ்டில், 78 வயதில். சிஎஸ்ஐ கிறிஸ்தவக் குடும்பம் நாங்கள். அடக்கம் முடிந்த மறுவாரமே கல் வைத்துவிட வேண்டும் என்று அக்கா கோயம்புத்தூரிலிருந்து போனில் துரிதப்படுத்திக்கொண்டே இருந்தாள். எங்கள் தேவாலயத்தைக் கவனித்துக்கொள்கிற கோயில்பிள்ளைதான் தடுத்தார். புதுக் குழியில் மண் இறங்கும், ஒரு மழைக்காலமாவது போக வேண்டும், அவசரப்பட்டு வைத்த கல் சாய்ந்துவிடும் என்றார். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அந்த மழையில் எங்கள் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்திலும் புதுக் குழிகள் அரை அடி இறங்கின, அதைக் கையால் காட்டினார். சரி என்று பிப்ரவரி வரை பொறுத்தோம். 2025-இல் ஈஸ்டர் ஏப்ரல் 20-ஆம் தேதி. அன்றைக்கு விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போவது எங்கள் சபையில் வழக்கம். அதற்குள் கல் வைத்துவிட வேண்டும் என்று கணக்கு.

முதலில் போனது இந்தக் கடைக்கு அல்ல. பைபாஸ் ரோட்டில் ஏசி போட்ட ஒரு பெரிய கிரானைட் கடைக்கு. உட்கார சோபா, குடிக்கத் தண்ணீர் பாட்டில், கம்ப்யூட்டரில் இருபது டிசைன். பூங்கொத்து, புறா, திறந்த வேதாகமம், சூரிய ஒளியில் சிலுவை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வாட்ஸப்பில் மாதிரி அனுப்பினார்கள். அப்பாவின் பெயரில் ஓர் இடத்தில் ஒற்றைக்கொம்பு வரும். மாதிரியில் அந்தக் கொம்பு எழுத்தை விட்டு இறங்கி, அடுத்த எழுத்துக்குப் பின்னால் தனியாக நின்றுகொண்டிருந்தது. ஸ்டிக்கர் வெட்டுகிற மென்பொருளுக்குத் தமிழ் ஒத்துவரவில்லை போல. சொன்னேன். "கல்லுல சரியா வந்திரும் மேடம்" என்றார்கள். காகிதத்தில் சரியாக வராதது கல்லில் எப்படி வரும்?

அப்புறம் எழுத்துக் கணக்கு. அவர்களும் எழுத்துக்கு இவ்வளவு என்றுதான் வாங்குகிறார்கள். ஆனால் எண்ணுவது கம்ப்யூட்டர். 'கர்த்தர்' என்று எழுதினால் அதற்கு எட்டு எழுத்து. நமக்கு ஐந்து. மேலே வைக்கிற புள்ளி ஒவ்வொன்றையும் அது தனி எழுத்தாக எண்ணுகிறது. கூட்டுறவு வங்கியில் இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் கணக்கைச் சரிபார்க்கிறவள் நான். கர்த்தருக்கே மூன்று எழுத்து கூடுதலாகப் பில் போடும் கடையில் எனக்கு வேலையில்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

வேப்பமரத்தடிக் கடையில் விலை இப்படி: உளியால் கையால் வெட்ட எழுத்துக்கு 40 ரூபாய். மகன் மெஷினில் மணல் பீய்ச்சி எடுத்தால் 25. புள்ளி, கமா, கோடு எல்லாம் இலவசம். 'கொ' கண்ணுக்கு மூன்றாகத் தெரிந்தாலும் ஒன்றுதான். "பள்ளிக்கூடத்துல ஒன்னுன்னுதான சொல்லிக் குடுத்தாங்க" என்றார் அண்ணாச்சி.

எழுத்தை எண்ணிக் காசு வாங்குவது கேட்கக் கொஞ்சம் கொடூரமாக இருக்கும். ஒரு மனிதனைப் பற்றிச் சொல்ல வரும்போது மீட்டர் ஓடுகிற ஆட்டோவில் உட்கார்ந்த மாதிரி. ஆனால் எங்கள் வீட்டுக்கு இது புதிதில்லை. அப்பா தந்தி ஆபீஸில் இருந்தவர்.

1966-இல் வேலைக்குச் சேர்ந்தார். மோர்ஸ் கட்டையில் தொடங்கி டெலிபிரிண்டர், கம்ப்யூட்டர் எல்லாம் பார்த்துவிட்டு, தபாலும் தந்தியும் பிரிந்து, இலாகா பிஎஸ்என்எல் ஆகி, 2005-இல் ஓய்வு பெற்றார். தந்தியில் சொல்லுக்குக் காசு. நீளமான சொல்லை இரண்டாக எண்ணுவார்கள். முகவரிக்கும் காசு. ஆள் இறந்த சேதியோடு வந்து கவுன்டரில் அழுதுகொண்டே ஒன்றரைப் பக்கம் எழுதுகிறவர்களுக்கு அப்பா உட்கார்ந்து வெட்டிக் கொடுப்பார். "எங்கள் அன்புத் தகப்பனார் நேற்று இரவு பன்னிரண்டு மணிக்கு" என்று தொடங்குகிற காகிதம், மூன்று சொல்லில் வந்து நிற்கும். அவர்கள் காசை மிச்சப்படுத்தத்தான். ஆனால் அந்த மூன்று சொல்லைப் பார்த்ததும் அவர்கள் அழுகை நின்றுவிடும் என்று அப்பா ஒருமுறை சொன்னார். காரணம் சொல்லவில்லை. அவர் எதற்கும் காரணம் சொல்கிறவர் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் தந்திக்காரர் சைக்கிளைக் கண்டாலே அழத் தொடங்கிவிடுவார்கள், சில சமயம் அது மகனுக்கு வேலை கிடைத்த சேதியாக இருக்கும்.

இப்படி ஒரு மனிதர் தன் கல்லுக்கு வாசகம் எழுதி வைக்காமல் போவாரா? வைத்திருந்தார். அவருடைய வேதாகமத்தில், சங்கீதப் பக்கங்களுக்கு நடுவில், பழைய தந்தி ஃபாரத்தின் பின்பக்கத்தில். பெயர். பிறந்த வருஷம். "போன வருஷத்தை நீங்கள் போட்டுக்கொள்ளவும்." அதற்குக் கீழே "சங். 39:5". அதற்கும் கீழே, அடிக்கோடிட்டு, "வேறு ஒன்றும் வேண்டாம்."

வசனம்கூட இல்லை, வசனத்தின் எண்தான். படிக்க விருப்பமுள்ளவன் வேதத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று. 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்க ஜெபப்புத்தகத்தில் அடக்க ஆராதனைக்கென்று குறித்திருக்கும் சங்கீதங்கள் இரண்டுதான், 39, 90. தொண்ணூறு எல்லோருக்கும் தெரியும்: எங்கள் ஆயுசு நாட்கள் எழுபது வருஷம், பெலத்தின் மிகுதியால் எண்பது. அப்பா எழுபது முடிந்த அன்று கேக் வெட்டும்போது, "இனி எல்லாம் ஓவர்டைம்" என்றார். முப்பத்தொன்பதை யாரும் அவ்வளவாக எடுப்பதில்லை. அதில் ஐந்தாம் வசனம் தொடங்குவது இப்படி: "இதோ, என் நாட்களை நாலு விரற்கடையளவாக்கினீர்."

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. அவள் அனுப்பிய வாசகத்தில் அப்பாவின் பதவி, படம், ஊர், அம்மா பெயர், எங்கள் இரண்டு பேர் பெயர், மருமகன்கள், பேரப்பிள்ளைகள், பிறகு "நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன், விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்" என்று பவுலின் வசனம் முழுசாக. "வாற போறவங்க என்ன நினைப்பாங்க? வெறும் நம்பரைப் போட்டுட்டுப் போயிட்டாங்கன்னுதான?" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்பாவுடைய கடைசி ஒன்றரை மாதத்தில் ராத்திரி முழித்திருந்தவள் அவள்தான்.

இரண்டு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன். அக்காவின் காகிதத்தை ஒரு தடவை பார்த்தார். "இந்த வசனம் நாப்பது எழுத்து" என்றார். எண்ணவே இல்லை. நான் விரல்விட்டு எண்ணினேன். நாற்பதேதான். "நம்ம கடையில ரொம்ப ஓடுறது இதுதான். இதை உளியே வெட்டிரும், நான் பிடிச்சுக்கிட்டா போதும்." அப்படியே சோதித்துப் பார்த்தேன். சங்கீதம் இருபத்து மூன்று, முதல் வசனம்? "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன். இருபத்தெட்டு." 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'? "பதினேழு. 'மறைவு'ன்னா மூணு. ரெண்டுக்கும் அர்த்தம் ஒன்னு இல்லைன்னு உங்க ஐயர் சொன்னாரு. காசு பத்தலைன்னா மூணு போடுங்க, அவரு கோவிச்சுக்க மாட்டாரு." எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். திருநீறு பூசிய ஒருவர் நித்திரைக்கும் மறைவுக்கும் வித்தியாசம் சொல்லி, மலிவானதையும் பரிந்துரைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

அப்பாவின் காகிதத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "முப்பத்தொம்பது நான் வெட்டினது இல்லையே. என்ன வசனம்?" சொன்னேன். அப்போது அவர் ஒரு வேறு கல்லில் வரிக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தார். மேல் ஓரத்திலிருந்து முதல் வரிக்கு எவ்வளவு என்பதை அளக்க அவர் டேப் எடுப்பதில்லை, இடது கையின் நாலு விரலைச் சேர்த்துப் படுக்கப் போட்டுச் சுண்ணாம்பில் கோடு இழுப்பார். வசனத்தைக் கேட்டதும் கை அங்கேயே நின்றது. "விரக்கடைன்னு பைபிள்ல இருக்கா?"

இருக்கிறது. எபிரெயத்திலும் அங்கே இருப்பது ஒரு கையளவு, நாலு விரல் அகலம்தான் என்பார்கள். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் ஆசாரிகள் புழங்குகிற சொல்லையே போட்டுவிட்டார்கள். "நாலு விரக்கடைன்னா மூணு இஞ்சு" என்றார் அண்ணாச்சி. "எம்பிடு சின்னது." அப்புறம் கோட்டை இழுத்துவிட்டு, அடுத்த வரிக்குக் கையை இறக்கினார்.

கல் விஷயத்துக்கு வருகிறேன், பலருக்கு அதுதான் வேண்டும். வெள்ளை மார்பிள் எடுக்காதீர்கள். அழகாக இருக்கும், எழுத்து வெட்டச் சுலபம், அதனாலேயே சீக்கிரம் தேயும். மார்பிள் சுண்ணாம்புக்கல் இனம். மழைத்தண்ணீரில் இருக்கிற லேசான புளிப்பே அதைக் கரைக்கும். பழைய கல்லறைத் தோட்டங்களில் போய்ப் பாருங்கள், மார்பிள் கல்லில் பெயரை விரலால் தடவித்தான் படிக்க வேண்டும். ஈயம் ஊற்றிய எழுத்தும் வேண்டாம், கொஞ்ச வருஷத்தில் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். கறுப்பு கிரானைட்தான் நிற்கும். உளி முனையில் டங்ஸ்டன் இல்லாவிட்டால் அதில் சீக்கிரம் மழுங்கிவிடும். தங்க நிறப் பெயின்ட் முதல் வருஷம் பளபளக்கும், மூன்றாம் வருஷம் உரியும். எழுத்து ஆழமாக இருந்தால் பெயின்ட் போனாலும் நிழல் விழுந்து படிக்கலாம். கையால் வெட்டும் எழுத்து 'வி' மாதிரி சரிவாக உள்ளே இறங்குகிறது, மெஷின் எழுத்து தட்டையாக, ஆழம் குறைவாக இருக்கிறது. இரண்டையும் வெயிலில் சாய்த்துக் காட்டினார். நாற்பதுக்கும் இருபத்தைந்துக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. படம் வேண்டுமானால் லேசரில் போடலாம், ஆனால் வெயிலில் வெளிறும் என்றார். "முகம் முதல்ல போகும், பேரு கடைசியில போகும்." அக்காவிடம் இதைச் சொன்னேன். படத்தை விட்டுக்கொடுத்தாள். வசனத்தை விடவில்லை.

இன்னொரு சிக்கல் பிறந்த வருஷம். சர்வீஸ் புத்தகத்தில் அப்பா பிறந்தது 1945 ஜூன். ஞானஸ்நானப் பதிவேட்டில் 1946. அந்தக் காலத்தில் பிள்ளையைச் சீக்கிரம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு வயது கூட்டிச் சொல்வார்கள். எங்கள் தாத்தாவும் அப்படித்தான் செய்திருக்கிறார். அண்ணாச்சிக்கு இதெல்லாம் பழக்கம். "பாதிப் பேருக்கு ரெண்டு வருஷம் இருக்கும்மா. சர்க்கார் வருஷம் பென்சனுக்கு. கல்லுக்குக் கோயில் வருஷம்." 1946 என்றே போட்டோம்.

வருஷங்களைக் கழித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. எந்தக் கல்லறையைக் கண்டாலும் நின்று மனக்கணக்குப் போடுவார். பாளையங்கோட்டையில் ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் ஐயர் கல்லறைக்கு எங்களைக் கூட்டிப்போனது எனக்கு ஏழெட்டு வயதில். 1790, 1838. "நாப்பத்தேழு" என்றார். திருநெல்வேலிக்கு 1820-இல் வந்து, 1826-இல் இங்கே கோயிலைக் கட்டி, ஊர் ஊராகச் சபைகள் எழும்பியது எல்லாம் அதற்குள்தான். தரங்கம்பாடிக்குப் போனபோது சீகன்பால்கு. 1682, 1719. "முப்பத்தாறு." 1706-இல் கப்பலில் வந்து இறங்கி, தமிழ் படித்து, அச்சுக்கூடம் போட்டு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து, எருசலேம் கோயிலைக் கட்டி, அதிலேயே அடக்கமானார். தமிழ்நாட்டில் இருந்தது பதிமூன்று வருஷத்துக்கும் குறைவு. அதைச் சொல்லிவிட்டு அப்பா என்னைப் பார்த்து, "நீ பத்தாவதுக்கே பத்து வருஷம் எடுத்துக்கிட்ட" என்றார். அங்கே போய்ச் சொல்கிற ஜோக்கா அது. ஆனால் எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது, சீகன்பால்குவை நினைத்தால் இன்றைக்கும் அந்த ஜோக்தான் முதலில் வருகிறது.

கடைக்கு மூன்றாவது தடவை போனபோது அம்மாவும் வந்தாள். அவளுக்கு 74. கொட்டகையில் உட்கார இடம் கிடையாது, எழுதாத ஒரு கல்லின் மேல் துண்டைத் தட்டிப் போட்டார் அண்ணாச்சி. யாருடைய கல்லோ என்று நான் கூசினேன். அம்மா சாவகாசமாக உட்கார்ந்துகொண்டாள். இரண்டு காகிதத்தையும் கண்ணாடி போட்டுப் படித்தாள்.

"டோனாவூர்ல அம்மாவுக்குக் கல்லே கிடையாது" என்றாள். அயர்லாந்து மிஷனெரி ஏமி கார்மைக்கேலைச் சொல்கிறாள். 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், திரும்பிப் போகவே இல்லை, 1951 ஜனவரியில் டோனாவூரில் இறந்தார். தனக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் வளர்த்த பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்கிற கல்தொட்டி ஒன்றை வைத்து, அவரை எல்லோரும் கூப்பிட்ட ஒரே சொல்லை அதில் பொறித்தார்கள். தாய் என்று பொருள். தமிழில் மூன்றெழுத்து. "நூத்தியிருவது ரூவா" என்றார் அண்ணாச்சி, சிரிக்காமல்.

அம்மா அப்பாவின் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "இவரு கணக்குல எத்தனை எழுத்து?" இனிஷியலோடு பெயர் ஒன்பது, வருஷம் எட்டு, 'சங்' இரண்டு, எண் மூன்று. இருபத்திரண்டு. "அதோட இன்னொரு வரி போடணும்" என்றாள். அப்பா வேறு ஒன்றும் வேண்டாம் என்று அடிக்கோடு போட்டிருக்கிறார் என்றேன். "அவருக்கு வேண்டாம். எனக்கு வேணும்."

அவள் சொன்ன கதை எனக்கு அதுவரை தெரியாது. 2013 ஜூலை 14-ஆம் தேதியோடு தந்தி நிற்கப்போகிறது என்று பேப்பரில் வந்தது. அன்றைக்குக் காலையில் அப்பா குளித்து, வேலைக்குப் போகிற மாதிரி சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, பஸ் பிடித்துத் தந்தி ஆபீஸுக்குப் போனார். நாடு முழுக்கக் கடைசித் தந்தி அனுப்பக் கூட்டம், அங்கேயும் வரிசை. நின்று, எங்கள் வீட்டு முகவரிக்கே, அம்மா பெயருக்கு ஒரு தந்தி கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் வந்தது. "ரீச்டு சேஃப்லி." மெட்ராஸுக்கும் பம்பாய்க்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் ஊர் போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு அடிக்கிற அதே இரண்டு சொல். அப்பா வாழ்நாளில் அதை எத்தனை ஆயிரம் தடவை தட்டியிருப்பார். "எங்க போய்ச் சேர்ந்தீரு, திண்ணையிலதான இருக்கீருன்னு கேட்டேன். சிரிச்சாரு" என்றாள் அம்மா.

இங்கிலீஷ் வேண்டாம், தமிழில் போடலாம் என்று அம்மாவே சொன்னாள். "சுகமாய்ச் சேர்ந்தேன்." அண்ணாச்சி வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "பத்து" என்றார்.

நான் அங்கேயே வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். கொஞ்சநேரம் சத்தமே இல்லை. பிறகு, "அந்தத் தந்தி இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். பவுலின் நாற்பது எழுத்தைப் பற்றிப் பிறகு அவள் பேசவில்லை. சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டிக்கு வாசகத்தைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும், அங்கே ஐயரும் படித்துப் பார்த்தார். "வசன எண் சரியா இருக்கான்னு ஒருதரம் பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

குறைகளும் உண்டு. இரண்டு வாரம் என்று சொன்னவர் ஐந்து வாரம் எடுத்தார். போனை எடுக்கவே மாட்டார், நேரில் போனால்தான் நடக்கும். மகன் கடையில் இருந்தால்தான் ஜிபே, இல்லையென்றால் ரொக்கம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் ஒரு மாதம் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று அவரே சொல்கிறார், அப்போது கத்தோலிக்கர்கள் வரிசையில் நிற்பார்களாம். கல்தூசி நிறைய. ஆஸ்துமா உள்ளவர்கள் கொட்டகைக்கு வெளியே நின்று பேசுவது நல்லது. எல்லாவற்றையும்விட, கல்லைப் பதிக்க அவர் அனுப்பிய ஆள் இடது பக்கம் அரை இஞ்ச் இறக்கமாகப் பதித்துவிட்டான். ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொன்னேன், "கண்ணுக்குத் தெரியாதுக்கா" என்றான். எனக்குத் தெரிந்தது. மறுநாள் அண்ணாச்சியே சைக்கிளில் வந்து, சிமெண்ட் காய்வதற்குள் நெம்பித் திருத்தினார். அதற்குக் காசு வாங்கவில்லை. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது அந்த அரை இஞ்சுக்காக அல்ல, போனை எடுக்காததற்கு.

கணக்கு: இரண்டடிக்கு ஒன்றரையடி கறுப்பு கிரானைட், ஓரம் பாலிஷோடு 1,800. முப்பத்திரண்டு எழுத்து 1,280. ஆட்டோ, சிமெண்ட், பதிக்கிற கூலி 1,500. மொத்தம் 4,580. சபைக்குக் கட்டுவது தனி. கல் பதினாறு கிலோ வரும், வீட்டு வண்டியில் தூக்கிப் போகலாம் என்று நினைக்காதீர்கள், நாங்கள் நினைத்தோம். வாசகத்தைக் கையால் பெரிதாக எழுதிக் கொண்டு போங்கள். போனில் காட்டினால் அவருக்குக் கண் பிடிக்காது.

காசு கொடுத்து முடித்ததும் அம்மா கல்லின் கீழ்ப்பாதியைக் காட்டி, "இது எதுக்கு வெறுமையா கிடக்கு?" என்று கேட்டாள். தம்பதிகள் என்றால் பாதி இடம் விட்டுத்தான் வெட்டுவேன் என்றார் அண்ணாச்சி, தயங்கி. அம்மாவுக்கு உடனே புரிந்தது. "அப்பம் என் பேரையும் பிறந்த வருஷத்தையும் இப்பமே வெட்டிரும். பின்னால ரேட் கூடிரும்லா?"

"உயிரோட இருக்கவங்க பேரை நான் வெட்ட மாட்டேம்மா. எங்கப்பா காலத்துல இருந்து பழக்கம் இல்ல."

"எனக்கென்ன பயம்? உமக்குத்தான் பயம்."

"ஆமாம்மா, எனக்குத்தான்."

அம்மா விடவில்லை. ரேட்டையாவது எழுதிக் கொடும் என்றாள். அப்போது நீர் இருப்பீரா என்றும் கேட்டாள். மகன் இருப்பான், அவன் மெஷினில் வெட்டுவான், அது மலிவுதான் என்றார் அவர். மெஷின் எழுத்து தனக்கு வேண்டாம் என்று அம்மா தலையாட்டினாள். அண்ணாச்சி பில்லைத் திருப்பி, கல்லின் மேல் வைத்து, பென்சிலால் எழுதினார்: "அம்மாவுக்கு இதே ரேட். எழுத்துக்கு 40. உளி வேலை." கையெழுத்துப் போட்டார். தேதி எங்கே என்றாள் அம்மா. அதையும் போட்டார்.